பாலிசி டிப்ளாய்மென்ட் (சென்னை மேற்குப் புறநகர்த் தொழிற்சாலைகள்)

பாலிசி டிப்ளாய்மென்ட் என்பது, ஒரு நிறுவனம் இந்த ஆண்டு எதைச் சாதிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறதோ அதைத் தலைவர் அறையிலிருந்து பட்டறைத் தளம் வரை படிப்படியாக இறக்கும் மேலாண்மை முறை. ஒவ்வொரு பொறியாளரும் தன் வேலைக்கும் கம்பெனியின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பைத் தானே பார்க்க முடிவது இதன் பயன். ஜப்பானில் ஹோஷின் கன்ரி என்பார்கள். இந்தியாவில் இது ஆழ வேர்விட்ட இடங்களில் ஒன்று, சென்னைக்கு மேற்கே உள்ள பாடி, அம்பத்தூர் வட்டாரம்.

வரலாறு 1950-ல் தொடங்குகிறது. அமெரிக்கப் புள்ளியியலாளர் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங் அந்த ஆண்டு ஜப்பானில் தரக் கட்டுப்பாடு பற்றித் தொடர் உரைகள் நிகழ்த்தினார். அவை நூலாக விற்றபோது கிடைத்த உரிமத் தொகையை அவர் வாங்கிக்கொள்ளாமல் நன்கொடையாக விட்டுவிட்டார். அந்தப் பணத்தைக் கொண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் 1951-ல் டெமிங் பரிசை நிறுவியது. 1954-ல் மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் இலக்கு வைத்து நிர்வகிக்கும் முறையை எழுதினார். ஜப்பானியர்கள் அதைப் படித்தார்கள், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இலக்கை மட்டும் கையில் கொடுத்தால் போதாது, அதை அடையும் வழியையும் சேர்த்தே பேச வேண்டும் என்றார்கள். 1962-ல் ஜப்பானியத் தர வல்லுநர் கவோரு இஷிகாவாவின் முயற்சியால், தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடித் தரச் சிக்கல்களைத் தீர்க்கும் தர வட்டங்கள் தோன்றின. 1960-களின் நடுவில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனம், டெமிங் பரிசு வென்ற கம்பெனிகள் எப்படித் திட்டமிடுகின்றன என்று ஆராய்ந்து பொதுவான முறைகளைத் தொகுத்தது. ஹோஷின் கன்ரி என்ற பெயர் அதன் பிறகே நிலைத்தது.

டெமிங்கோ எண் இலக்குகளைக் கடைசி வரை எதிர்த்தவர். அவருடைய புகழ்பெற்ற 14 கோட்பாடுகளில் ஒன்று அதைத்தான் சொல்கிறது. அவர் பெயரில் உள்ள பரிசுக்கு இலக்கு முறையே ஏணியானது வேடிக்கைதான். ஆனால் அவர் கண்டித்தது வழி சொல்லாத வெறும் எண்களை என்பதால், இதில் முரண்பாடு இல்லை.

நடைமுறையில் மூன்று படிகள் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் நிறுவனத் தலைவர் சில முக்கியக் குறிக்கோள்களை அறிவிப்பார். துறைத் தலைவர்கள் அவற்றைத் தங்கள் துறைக்கு ஏற்ப உடைத்து, “இதை இப்படிச் செய்ய முடியும், இது முடியாது, இதற்கு இந்தக் கருவி வேண்டும்” என்று திருப்பிச் சொல்வார்கள். பந்து மேலும் கீழும் எறியப்படுவது போல இந்தப் பேச்சு சில சுற்றுகள் நடக்கும். ஊக்கத்தின் உயிர்நாடி இந்த இரண்டாம் படியில்தான் இருக்கிறது; பதில் பேச உரிமை இல்லாத இடத்தில் இதே முறை வெறும் சுற்றறிக்கை. மூன்றாவது, தலைவரே களத்துக்கு வந்து கேட்பது. எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று விசாரிப்பதோடு அவர் நிற்கக் கூடாது. எடுத்த வழி சரிதானா என்றும் பார்க்க வேண்டும்.

ஏர் பிரேக் வால்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் துளை அளவு வரைபடத்தில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்த பொறியாளருக்கு அது ஓர் அளவு, அவ்வளவுதான். அந்தத் துளை பிசகினால் காற்றுக் கசியும், லாரி வழியில் நிற்கும், வாரன்ட்டி செலவு கம்பெனி தலையில் விழும், அடுத்த ஆர்டர் போட்டியாளரிடம் போகும் என்ற சங்கிலி முழுவதும் தெரிந்தவர், யாரும் கேட்காமலே இயந்திரத்தின் ஜிக்கை மாற்றச் சொல்லி வருவார். தன் வேலை பிறரை எப்படித் தொடுகிறது என்ற அறிவு ஊக்கத்தின் தூண்களில் ஒன்று என்று 1970-களில் நிறுவன உளவியல் ஆய்வாளர்கள் ஹாக்மேனும் ஓல்டமும் எழுதியது இதைத்தான்.

இந்தியாவில் முதல் தர வட்டம் 1980-ல் ஐதராபாத், ராமச்சந்திரபுரம் பாரத மிகுமின் நிறுவன (பெல்) ஆலையில் அமைந்தது. சென்னையின் பங்கு வேறு வகை. 1960-களில் டி.வி.எஸ். குழுமம் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என ஆலைகளை எழுப்பியது. பிரிட்டனின் கிளேட்டன் டெவாண்டர் கூட்டுடன் 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் ஏர் பிரேக் செய்தது. வெளிநாட்டுப் போட்டி இல்லாத காலம், செய்ததெல்லாம் விற்றது. அந்தச் சூழலில் பொறியாளரிடம் சந்தையைப் பற்றிப் பேசியாக வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

1991-ன் பொருளாதாரத் தாராளமயம் அதை மாற்றியது. 1979-லிருந்து சுந்தரம் கிளேட்டனை நடத்தி வந்த வேணு சீனிவாசன், கிண்டி பொறியியல் கல்லூரியிலும் அமெரிக்காவின் பர்டியூவிலும் படித்தவர். அவர் தலைமையில், ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு ட்சுடாவின் வழிகாட்டலில் முழுமைத் தர முறை பாடிக்குள் வந்தது. பாலிசி டிப்ளாய்மென்ட், தினசரி வேலை மேலாண்மை, தர வட்டம், சஜஷன் ஸ்கீம் எல்லாம் அதன் உறுப்புகள். 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு டெமிங் பரிசு வென்ற முதல் இந்திய நிறுவனம் ஆயிற்று. 2002-ல் ஜப்பான் தரப் பதக்கமும் பெற்றது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-லும், ரானே பிரேக் லைனிங்ஸ் 2003-லும், லூகாஸ் டி.வி.எஸ். 2004-லும் பரிசு வாங்கின. ஒரே புறநகரில் இத்தனை ஆலைகள் அடுத்தடுத்து வென்றது அரிய நிகழ்வு.

பிரேக்ஸ் பிரிவு பரிசு வென்ற அதே 1998-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் வழியே போகும் பெங்களூரு நெடுஞ்சாலை உதிரிபாக வண்டிகளின் தடமானது. பத்து லட்சத்தில் எத்தனை பழுது என்ற கணக்கைச் சிறு பட்டறைகளும் பேச ஆரம்பித்தன.

வேலைப்பளுவைக் கூட்டும் தந்திரமே பாலிசி டிப்ளாய்மென்ட் என்ற குறைகூறல் அவ்வப்போது எழுவதுண்டு. ஆனாலும் எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்வது நல்லது என்பதை மறுப்பார் இல்லை.

மென்பொருள் துறையில் இன்று புழங்கும் ஓ.கே.ஆர். (குறிக்கோளும் முக்கிய விளைவுகளும்) முறையும் டிரக்கரின் வழிவந்ததே. இன்டெலில் ஆண்ட்ரூ குரோவ் உருவாக்கியதை 1999-ல் முதலீட்டாளர் ஜான் டோயர் கூகுளுக்குக் கொண்டுபோனார். பாடிக் கதைக்குத் திரும்பினால், வேணு சீனிவாசனுக்கு 2019-ல் டெமிங் சிறப்புச் சேவை விருது கிடைத்தது. பரிசு வென்ற பிரேக்ஸ் பிரிவு 2008-ல் தனி நிறுவனமாகி, பிறகு வாப்கோ இந்தியா எனப் பெயர் மாறி, 2020-ல் தாய் நிறுவனமான வாப்கோவை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கியதால் இப்போது அக்குழுமத்தின் கையில் உள்ளது.