சொரியாசிஸ் சிகிச்சையின் வரலாறு

சொரியாசிஸ் அல்லது காளாஞ்சகப்படை என்பது தோலில் சிவந்த தடிப்புகளையும் வெள்ளிநிறச் செதில்களையும் உண்டாக்கும் நாட்பட்ட நோய். இது தொற்றுநோய் அன்று. மரபுவழிச் சார்பு உள்ளவர்களிடம் தொண்டைத் தொற்று, காயம், மனஅழுத்தம், சில மருந்துகள் ஆகியவற்றின் தூண்டுதலால் வெளிப்படுகிறது. நோயின் காரணம் விளங்கும் முன்பே இதற்குரிய மருந்துகள் பல கண்டறியப்பட்டன.

பெயரால் வந்த துன்பம்

பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் செதில் உதிரும் பல தோல்நோய்களை 'லெப்ரா' என்று அழைத்தனர். பிற்காலத்தில் அச்சொல் தொழுநோயைக் குறித்தது. இக்குழப்பத்தால் சொரியாசிஸ் உள்ளவர்களும் தொழுநோயாளராகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டனர். 1808இல் இலண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லன் இந்நோயைத் தெளிவாக விவரித்தபோதும், 'லெப்ரா' என்ற பெயர் நீங்கவில்லை. 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹெப்ரா இரண்டும் வெவ்வேறு நோய்கள் என நிறுவினார்.

தற்செயலாகக் கிடைத்த மருந்துகள்

19ஆம் நூற்றாண்டில் நச்சுத்தன்மை கொண்ட ஆர்செனிக் கரைசல் உட்கொள்ளக் கொடுக்கப்பட்டது. 'கோவாப் பொடி' பிரேசில் நாட்டு மரமொன்றிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக இந்தியா வந்தது; படர்தாமரைக்குப் பூசப்பட்டது. அது சொரியாசிசையும் தணிப்பதை 1870களில் பால்மன்னோ ஸ்குவையர் எடுத்துரைத்தார். முதல் உலகப்போரில் அதன் வரத்துத் தடைப்படவே, செருமனியில் டித்ரனால் என்ற செயற்கை மாற்று உருவானது. 1925இல் வில்லியம் கோக்கர்மன் நிலக்கரித் தாரையும் புற ஊதாக் கதிர்களையும் இணைத்தார். 1951இல் மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தபோது தோல் தடிப்புகளும் மறைந்தன. அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

மரபியலும் நோயெதிர்ப்பும்

1963இல் வெளியான குன்னார் லொம்ஹோல்ட்டின் ஃபரோ தீவு ஆய்வு, நோய் குடும்பங்களில் தொடர்வதைக் காட்டியது. 1972இல் எச்.எல்.ஏ. மரபணுத் தொகுதியுடன் அதன் தொடர்பு அறியப்பட்டது. 1979இல் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொரியாசிசையும் தணித்ததால், தோலோடு நின்றிருந்த ஆய்வு நோயெதிர்ப்பு மண்டலத்தின் பக்கம் திரும்பியது. 2003 முதல் உயிரிய மருந்துகள் ஒப்புதல் பெற்றன. 2013இல் பெங்களூருவின் பயோகான் இடோலிசுமாப் மருந்தை வெளியிட்டது.

இன்றைய நிலை

ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும் மற்றவருக்கு வராமல் இருப்பதுண்டு. மரபணு மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை. இன்றைய மருந்துகள் நோயைக் கட்டுப்படுத்துகின்றன, முற்றிலும் நீக்குவதில்லை. ஹெப்ரா பெயர்க் குழப்பத்தைத் தீர்த்து 173 ஆண்டுகள் கழிந்த பின்னரும், 2014இல் உலக சுகாதாரப் பேரவை நோயாளிகள் மீதான ஒதுக்கலை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.