கேட்போராய் அமர்தல்

மாணவர் கூடியமர்ந்து நூலை வினவி ஆராய்தல் மேனாட்டு முறை என்பார் உளர். 1880இல் குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையரிடம் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி பற்றி வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராயினும் ஐயர் அதனைக் கற்றிலர். ஆசிரியர் என்னும் நிலை நோக்காது, சமணர் இல்லத்துச் சிந்தாமணி வாசிப்பில் கேட்போராய் அமர்ந்து ஐயம் தெளிந்தார். 1887இல் பதிப்பு வெளிவந்தது.

என் வகுப்பில் அறுவர் அறுவராய் அமர்த்தி நாமகள் இலம்பகத்தைப் பயிலச் செய்தேன். முதலிரு வாரம் என் விளக்கத்தையே ஒப்பித்தனர் (தேர்வு செய்த தீங்கு!). பின்னர், தெய்வம் உரையாதிருப்பின் விசயை மகவைச் சுடுகாட்டில் விட்டு மறைந்திருப்பாளா என ஒரு மாணவி வினவினாள். அறியேன் என்றேன். மணி அடித்தும் எவரும் எழவில்லை.