துடுப்பும் தொண்டும்

கி.பி. 55ஆம் ஆண்டையொட்டிக் கொரிந்தியருக்கு வரைந்த முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், பவுல் தம்மையும் தம் உடன் உழைப்போரையும் 'ஹுபேரெட்டேஸ்' என்னும் கிரேக்கச் சொல்லால் குறிக்கின்றார். 'ஹுபோ' என்பது கீழ். 'எரெட்டேஸ்' என்பது துடுப்பு வலிப்போன். இதுகொண்டு, போர்க்கலத்தின் அடித்தட்டில் சங்கிலியால் பிணிக்கப்பட்டு உழன்ற அடிமையையே பவுல் கருதினார் என உரைப்பாருளர். உள்ளத்தை உருக்கும் விளக்கமே. ஆயினும் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

ஏதென்ஸ் நகரின் முத்தட்டுக் கலத்தில் துடுப்பு வலித்தோர் 170 பேர். அவர்கள் பெரும்பாலும் கூலி பெற்று உழைத்த குடிமக்களும் அயலாருமாவர். அடித்தட்டினர்க்கு வழங்கிய பெயரும் வேறு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதியபோதே 'ஹுபேரெட்டேஸ்' என்பது ஏவலேற்று உதவுவோனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. புதிய ஏற்பாட்டில் இச்சொல் 20 இடங்களில் வருகின்றது. ஆலயக் காவலரையும், யூதர் தொழுகைக்கூடத்தின் பணியாளனையும், பவுலுக்குத் துணைசென்ற யோவானையும் அது சுட்டும்; துடுப்பு வலிப்போனை ஓரிடத்தும் சுட்டவில்லை.

எள்ளின் நெய்யே எண்ணெய். அதனால் மண்ணெண்ணெயில் எள்ளைத் தேடுவாருண்டோ? வேர், சொல்லின் பிறப்பைக் காட்டும். வழக்கே அதன் பொருளைக் காட்டும். பவுல் அதே வரியில் அடுத்து வைக்கும் சொல், வீட்டுப் பொருளைப் பொறுப்பேற்று நடத்தும் உக்கிராணக்காரரைக் குறிப்பது. அவர் கருதியது கப்பலடிமையின் துன்பமன்று. தலைவன் ஒப்படைத்த பணிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவனின் பொறுப்பு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'ஊழியக்காரர்' என்று எளிமையாகக் கூறியது, அதுவே பொருந்தும்.