கிரீச்சிடும் வார்ப்பட்டையும் பால்மரத்தின் வரலாறும்



காலையில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் மகிழுந்தின் முன்புறத்திலிருந்து கிரீச்சென்று எழும் ஒலி நம்மில் பலருக்கும் பழக்கமானதே. முதல்நாள் இரவு மழை பெய்திருந்தால் அவ்வொலி இன்னும் மிகுதியாகக் கேட்கும். பட்டறைகளில் பெல்ட் என்று வழங்கும் வார்ப்பட்டை, தான் சுற்றவேண்டிய சக்கரத்தை இறுகப் பற்ற இயலாமல் வழுக்கும்போது எழும் ஒலி அது. உடனே அக்கம்பக்கத்தாரிடமிருந்து அறிவுரைகள் வரும். சவர்க்காரத்தைத் தேய்க்கச் சொல்வார் ஒருவர். மெழுகு தடவச் சொல்வார் மற்றொருவர். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்பார் மூன்றாமவர். ஒலி அடங்கிவிடுவதும் உண்டு. ஆயினும் இம்மருந்துகள் நம் மகிழுந்துக்கு ஏற்றவை அல்ல. அவை வேறொரு காலத்தில், வேறொரு பொருளுக்கென உண்டான பழக்கத்தின் மிச்சம். அந்த வரலாற்றின் ஒரு பகுதி நம் மலாக்கா மண்ணிலேயே நிகழ்ந்தது என்பதால் இங்கு எழுத விழைந்தேன்.

தோல்வாரின் காலம்

நூறாண்டுகளுக்கு முன்னர் ஆலைகளில் ஒவ்வோர் எந்திரத்திற்கும் தனி மின்பொறி இருந்ததில்லை. ஓரிடத்தில் நீராவி இயந்திரமோ எண்ணெய் இயந்திரமோ ஓடும். அதன் விசை, கூரையை ஒட்டிச் செல்லும் நீண்ட சுழல்தண்டிற்கு மாறும். அத்தண்டிலிருந்து தட்டையான வார்கள் இறங்கி ஒவ்வோர் எந்திரத்தையும் சுழற்றும். தமிழ்நாட்டின் பழைய அரிசி ஆலைகளைக் கண்டவர்களுக்கு இக்காட்சி நினைவிருக்கும்.

அவ்வார்களுள் பெரும்பாலானவை மாட்டுத்தோலால் ஆனவை. தோல் உலர்ந்தால் விறைத்து வெடிக்கும். விறைத்த வார் வழுக்கும். வழுக்கினால் ஒலி எழும். ஆகவே ஆலைத் தொழிலாளர்கள் கொழுப்பையும் ஆமணக்கெண்ணெயையும் தடவி அதனை மென்மையாக்கினர். பிடிப்பிற்காகக் குங்கிலியம் போன்ற பிசின் பொருள்களையும் சேர்த்தனர். தோலைப் பொறுத்தவரை அது சரியான மருத்துவமே. தொடக்ககால மகிழுந்துகளிலும் விசிறியைச் சுழற்றியது தட்டையான தோல்வாரே ஆதலால், ஆலையின் பழக்கம் சாலைக்கும் வந்து சேர்ந்தது.

மலாக்காவில் பால்மரம்

இரப்பர் முற்காலத்தில் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்துப்போகும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-ஆம் ஆண்டில் இரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இக்குறையை நீக்கும் வழியைக் கண்டார். அதன் பின்னர் இரப்பரின் தேவை பெருகியது. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாதவாறு பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தோட்டக்காரர்களிடம் விதைகளைக் கொடுத்து நடச்சொல்லி வற்புறுத்தினார்.

காப்பியிலும் மரவள்ளியிலும் நாட்டம் கொண்டிருந்த பலர் அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லை. செவிசாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான். அவர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டமாக அதனையே கூறுவர். பின்னர் புக்கிட் அசகானில் அதைவிடப் பன்மடங்கு பெரிய தோட்டத்தை உருவாக்கினார்.

மரத்தை நட்டவர் பெயர் வரலாற்று நூல்களில் உள்ளது. மரத்தைச் சீவியவர்களின் பெயர்கள் அவ்வாறு நிலைக்கவில்லை. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாகப் பால்மரக் காட்டிற்குள் சென்றவர்களுள் பெருந்தொகையினர் கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் அந்த இருட்டுவேளை உழைப்பு. மங்கில் வடிந்த பால், அமிலம் சேர்த்து உறையவைக்கப்பட்டு, தகடாக உருட்டப்பட்டு, புகைக்கூடத்தில் உலர்ந்து கப்பலேறியது.

ஆப்பு வடிவ வார்ப்பட்டை

அமெரிக்காவின் டென்வர் நகரில் கேட்ஸ் சகோதரர்கள் நடத்திய நிறுவனம் முதலில் உருளிகளுக்குத் தோலுறை செய்து விற்றது. அந்நிறுவனமே 1917-ஆம் ஆண்டில், இரப்பரும் நூலிழையும் கலந்து, குறுக்குவெட்டில் ஆப்புப் போன்ற வார்ப்பட்டையை உருவாக்கியது. தட்டைவார் தன் அடிப்பரப்பால் பற்றும். ஆப்புவாரோ சக்கரத்தின் பள்ளத்தில் இறங்கித் தன் இருபக்கச் சுவர்களால் பற்றும். இழுவிசை மிகும்போது அது மேலும் இறுகும்.

இங்கேதான் மருந்து பகையாக மாறியது. தோலை மென்மையாக்கும் எண்ணெய் இரப்பரை ஊதச்செய்து வலுவிழக்கச் செய்யும். சவர்க்காரமும் மெழுகும் உராய்வைக் குறைத்து ஒலியை அடக்குமேயன்றி வழுக்கலை நிறுத்தா. கந்தகத்தோடு சூடாக்கியதால் உறுதிபெற்ற அதே இரப்பர், இயந்திரத்தின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்து மேலும் கெட்டிப்படுகிறது. அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளக்கின்றன. பளபளப்பு ஏறினால் பிடிப்பு போயிற்று என்று பொருள்.

போருக்குப் பின்

எண்ணெயையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்கும் நியோபிரீன் என்னும் செயற்கை இரப்பர் 1930-இல் டுபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1942-இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, நேச நாடுகள் தம் இயற்கை இரப்பரின் பெரும்பகுதியை இழந்தன. இங்கே தோட்டத் தமிழர்கள் சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அங்கே அமெரிக்கா செயற்கை இரப்பர் ஆலைகளைக் கட்டி, 1945-இல் 7 இலட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்தது. போருக்குப் பின் வார்ப்பட்டைகளில் நியோபிரீன் பரவியது. 1979-ஆம் ஆண்டு போர்டு மஸ்டாங் மகிழுந்தில், எல்லாக் கருவிகளையும் ஒன்றாகச் சுற்றும் வரிப்பள்ளமுள்ள ஒற்றைப் பட்டை வந்தது. 1990-களிலிருந்து ஈ.பி.டி.எம். என்னும் மற்றொரு செயற்கை இரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது.

இதனால் ஒரு புதுச்சிக்கல் உண்டு. பழைய பட்டையில் வெடிப்பைக் கண்டால் மாற்றுவோம். ஈ.பி.டி.எம். பட்டையோ எளிதில் வெடிப்பதில்லை. உருளியைப்போல் மெல்லத் தேயும். கண்ணுக்கு நன்றாகவே தோன்றும் பட்டையும் தேய்ந்து வழுக்கக்கூடும்.

நாம் செய்யத்தக்கவை

நோயின் காரணத்தை அறிந்தபின் மருந்து தேடச்சொன்னவர் வள்ளுவர். இங்கும் அதுவே முறை.

• குளிர்சாதனத்தை இயக்கியதும் நீண்ட கிரீச்சொலி எழுந்தால், பெரும்பாலும் பட்டையின் இறுக்கம் குறைந்திருக்கும். அல்லது பட்டை தேய்ந்திருக்கும்.
• குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டால், சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாதிருக்கலாம்.
• பட்டறையில், ஓடும் பட்டையின் வரிப்பக்கத்தில் சிறிது நீர் தெளித்துப் பார்ப்பர். ஒலி மிகுந்தால் இறுக்கக் குறைவு. சற்று அடங்கிப் பின்னர்த் திரும்பினால் நேர்க்கோட்டுக் குறை.
• எண்ணெயோ குளிர்நீரோ பட்டையில் கசிந்திருந்தால், முதலில் கசிவை அடைத்துப் பிறகே பட்டையை மாற்றவேண்டும்.
• புதுப்பட்டையும் கிரீச்சிட்டால், இறுக்கும் கருவியையும் சக்கரங்களையும் ஆராயச் சொல்லுங்கள்.

இயந்திரம் ஓடுகையில் கையையோ சேலைத் தலைப்பையோ அருகில் கொண்டுசெல்லலாகாது. ஒலியை அடக்கிவிட்டு ஓட்டுவதும் ஆபத்தே. பட்டை அறுந்தால் மின்கலம் மின்னேற்றம் பெறாது; பல வண்டிகளில் குளிர்நீர் இறைப்பானும் நின்று இயந்திரம் கொதிக்கும்; திசைமாற்றி கனக்கும். பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் செல்லும்போது இது நேரவேண்டாம்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

மலாக்காவின் பால்மரக் காடுகளுள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. பால் மரத்தையும் மங்கையும் காணாத பிள்ளைகளே இன்று நம் வகுப்புகளில் மிகுதி. கழற்றிய பழைய வார்ப்பட்டை ஒன்றைப் பட்டறையில் கேட்டு வாங்கி வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். அதன் வரிகளைத் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு, தம் தாத்தா பாட்டியிடம் பால்வெட்டிய நாள்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். உளி பிடித்த கைகள் இன்னும் சில இல்லங்களில் இருக்கின்றன. அவர்களின் பெயர்களை எழுதிவைக்க வேறு எவரும் வரப்போவதில்லை. நம் மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களிலாவது அவை பதியட்டும்.