ஈகையும் ஒப்புரவும்: கிங்ஸ்லி மன்றத்தின் வரலாறு

மன்றம் என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. ஊரார் கூடிப் பேசும் பொதுவிடமே மன்றம். பொதியில், அம்பலம் என்பனவும் அதனோடு உறவுடைய சொற்கள். புதியராய் வந்தோர் பொதியிலில் தங்கிய செய்தியைப் பட்டினப்பாலை சுட்டுகிறது. உரிமையாளர் என ஒருவரும் இன்றி, ஊரில் உள்ளாரும் வந்தாரும் ஒருங்கே அமரத்தக்க இடம் ஒன்று வேண்டும் என்னும் உணர்வு அச்சொற்களில் பதிந்துள்ளது. அவ்வுணர்வு ஒரு நாட்டிற்கோ ஒரு சமயத்திற்கோ மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலண்டன் மாநகரின் ஏழ்மை மிக்க கிழக்குப் பகுதியில், கிறித்தவப் பற்றுடைய சகோதரியர் இருவர் எழுப்பிய கிங்ஸ்லி மன்றம் இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

தீப்பெட்டித் தொழிலாளர் வாழ்ந்த இடம்

கிழக்கு இலண்டனில் 'போ' என்பது ஒரு பகுதியின் பெயர். தொழிற்சாலைகளும் நெருக்கமான சிறு வீடுகளும் நிறைந்த பகுதி அது. பிரையண்ட்-மே நிறுவனத்தின் தீப்பெட்டித் தொழிற்சாலை அங்குதான் இருந்தது. குறைந்த கூலி, அக்கூலியிலும் அபராதப் பிடித்தம், வெண்பாசுவரத்தின் நச்சால் தாடையெலும்பை அரிக்கும் நோய் ஆகியவற்றுக்கு ஆளாகியிருந்த பெண் தொழிலாளர் ஏறத்தாழ 1,400 பேர் 1888ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய நிலையைத் தம் கட்டுரையால் உலகறியச் செய்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய அதே அம்மையார்தாம். வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது, சங்கமும் தோன்றியது. எனினும் வேலை முடிந்து திரும்புவோர் அமர்ந்து பேசவும், கற்கவும், குழந்தைகளை நம்பி விட்டுச் செல்லவும் ஏற்றதோர் இடம் அங்கு அரிதாகவே இருந்தது. மதுக்கடையே மாலைநேரப் புகலிடமாய் இருந்தது.

சகோதரியர் இருவர்

மியூரியல் லெஸ்டர் 1883இலும் அவர் தங்கை டோரிஸ் 1886இலும் பிறந்தனர். தந்தை கப்பல் கட்டும் தொழிலில் பொருளீட்டிய செல்வர். பாப்டிஸ்ட் திருச்சபையைச் சார்ந்தவர். தொழிற்சாலைப் பெண்களின் கூட்டம் ஒன்றிற்கு இளமையில் சென்றுவந்த மியூரியல், தம்மையொத்த வயதினர் வாழும் நிலையைக் கண்டு, மீண்டும் மீண்டும் அப்பகுதிக்குச் செல்லலானார். காலப்போக்கில் சகோதரியர் இருவரும் அங்கேயே குடியேறினர். வசதியான வீட்டிலிருந்து வந்து உதவிவிட்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடும் அறப்பணியாளராக அவர்கள் இருக்க விரும்பவில்லை என்பது கருதத்தக்கது.

இவர்களின் தம்பி கிங்ஸ்லி 1914இல் இளம்வயதிலேயே மறைந்தார். தம்மிடமிருந்த பணத்தை அவர் சகோதரியரின் பணிக்கு விட்டுச்சென்றார். அப்பணத்துடன் தந்தையின் உதவியும் சேர, பயன்படாதிருந்த பழைய தேவாலயம் ஒன்று வாங்கப்பட்டு, 1915இல் தம்பியின் பெயரால் மன்றமாகத் திறக்கப்பட்டது. மதுவற்ற மாலைக்கூடம், பெண்கள் கூட்டம், ஆடவர்க்கான வகுப்பு, ஞாயிறு வழிபாடு ஆகியவை அங்கே நடந்தன. அது முதல் உலகப்போர் மூண்டிருந்த காலம். போரை எதிர்ப்பது நாட்டுத்துரோகமாகக் கருதப்பட்ட அந்நாளில் சகோதரியர் வெளிப்படையாகப் போர் மறுப்பாளராய் நின்றனர். மைந்தரையும் கணவரையும் போர்முனைக்கு அனுப்பியிருந்த அண்டை வீட்டாரிடையே இருந்துகொண்டு இக்கொள்கையைக் காத்தல் எளிதன்று.

1923இல் குழந்தைகள் இல்லம் ஒன்றும் எழுந்தது. அதனைத் திறந்துவைத்தவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். மாண்டிசோரி முறையை ஒட்டிய கல்விக்கு அங்கே இடம் அளிக்கப்பட்டது. மியூரியல் அக்காலத்தில் பாப்லர் நகர மன்றத்திலும் இடம்பெற்றுத் தாய்சேய் நலப் பணியில் ஈடுபட்டார். தனியார் அறச்செயல் அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது என்னும் தெளிவு அவரிடம் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

புதிய கட்டடம்

பழைய இடம் போதாமையால் புதிய கட்டடத்திற்கு 1927இல் அடிக்கற்கள் நாட்டப்பட்டன. இலக்கியத்தின் சார்பில் நாவலாசிரியர் ஜான் கால்ஸ்வொர்தியும், நாடகத்தின் சார்பில் நடிகை சிபில் தார்ன்டைக்கும் கல் நாட்டியோருள் அடங்குவர். உணவும் மருந்தும் போலவே கலையும் இலக்கியமும் ஏழையரின் உரிமை என்பதை அச்சடங்கே உணர்த்திற்று. கட்டடக் கலைஞர் சார்லஸ் கவுல்ஸ்-வாய்சியின் வடிவமைப்பில் எழுந்த மன்றம் 1928இல் திறக்கப்பட்டது. கீழே கூடங்களும் வழிபாட்டிடமும், மேல்தளத்தில் பணியாளர் தங்கும் மிகச்சிறு அறைகளும் அமைந்தன. தங்கியிருந்தோர் சமைத்தல், துடைத்தல் முதலிய வேலைகளைத் தாமே பகிர்ந்து செய்தனர். ஏவலர் என்றொரு வகுப்பு அங்கு இல்லை.

இக்கால அளவில்தான் மியூரியல், தந்தைவழிச் செல்வத்தில் தமக்குரிய பங்கைத் தம்முடையதாகக் கொள்ள மறுத்தார். அதனை அப்பகுதி மக்களுக்கே ஒப்படைத்து, எவ்வாறு செலவிடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யுமாறு விட்டார். அந்நிதிக்கு அவர் நன்கொடை என்று பெயரிடவில்லை. மீளளிப்பு என்றே பெயரிட்டார். உழைப்போரிடமிருந்து வந்தது உழைப்போர்க்கே திரும்புகிறது என்பது அதன் பொருள்.

இவ்விடத்தில் திருவள்ளுவரின் அதிகார வைப்பை நினைத்தல் பொருந்தும். ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே எனினும் ஒன்றல்ல. ஈகையில் கொடுப்பவர் ஒருபுறமும் இரப்பவர் மறுபுறமும் நிற்கின்றனர். ஒப்புரவோ உலகத்தோடு ஒத்து வாழ்வோன் ஆற்றும் கடமை, கைம்மாறு வேண்டாதது. மியூரியல் குறளைக் கற்றிருந்தார் என்பதன்று இங்குக் கருத்து. ஈகையில் தொடங்கிய பணியொன்று ஒப்புரவை நோக்கி நகர்ந்த வரலாறு இது என்பதே.

காந்தியடிகளின் பன்னிரு வாரம்

மியூரியல் 1926இல் இந்தியா வந்து தாகூரையும் காந்தியடிகளையும் கண்டார். அந்நட்பின் பயனாக, 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற காந்தியடிகள், வசதியான விடுதிகளை விடுத்துக் கிங்ஸ்லி மன்றத்தில் தங்கினார். செப்டம்பர் 12 முதல் டிசம்பர் 5 வரை மேல்தளத்துச் சிற்றறையே அவர் இருப்பிடமாயிற்று. மாநாடு நடந்த அரண்மனை நெடுந்தொலைவில் இருந்ததால் நகர நடுவில் தனி அலுவலகம் அமைக்கவேண்டியதாயிற்று. எனினும் அவர் உறைவிடத்தை மாற்றவில்லை. நள்ளிரவில் திரும்பினாலும் விடியுமுன் எழுந்து தொழுதார், தெருக்களில் நடந்தார், அண்டை வீடுகளுக்குச் சென்றார்.

அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு அகவை 62. குழந்தைகள் இல்லத்துச் சிறார் அவருக்கு அனுப்பிய பரிசுகள் இரண்டு கம்பளி நாய்பொம்மைகள், மூன்று இளஞ்சிவப்பு மெழுகுவத்திகள், ஒரு தகரத்தட்டு, ஒரு நீலப் பென்சில், சிறிது மிட்டாய். மாநாட்டில் வெறுங்கையராய்த் திரும்பிய காந்தியடிகள் இப்பொருள்களைப் போற்றித் தாயகம் கொண்டு வந்தார். பெறுவோர் எனக் கருதப்பட்ட ஏழைக் குழந்தைகள் கொடுப்போராக நின்ற அந்நாளே மன்றத்தின் நோக்கம் நிறைவேறிய நாள் எனலாம்.

பின்னை நிலை

டோரிஸ் 1965இலும் மியூரியல் 1968இலும் மறைந்தனர். 1965 முதல் 1970 வரை உளமருத்துவர் ஆர்.டி. லெயிங்கின் குழுவினர் கட்டடத்தைப் புதிய மருத்துவச் சோதனைக்குப் பயன்படுத்தினர். பின்னர் அது பேணுவாரின்றிச் சிதைந்தது. சுவரும் கூரையும் மட்டுமே மன்றம் ஆகா என்பதை அவ்வாண்டுகள் காட்டின. அட்டன்பரோவின் 'காந்தி' திரைப்படம் 1982இல் வெளிவந்த காலத்தையொட்டிப் புதுப்பிக்கும் முயற்சி வலுப்பெற்றது. 1985இல் மன்றம் மீண்டும் திறக்கப்பட்டது.

தொண்டு நிறுவனம் ஒன்றை மதிப்பிட, அது எத்தனை பேருக்கு என்ன கொடுத்தது என்று எண்ணுதல் வழக்கம். கிங்ஸ்லி மன்றத்தின் வரலாறு வேறோர் அளவுகோலை முன்வைக்கிறது: அங்கு வந்தவர் தம் வீட்டிற்கு வந்தவராய் உணர்ந்தாரா, முடிவு செய்யும் உரிமை அவர் கைக்கு வந்ததா என்பதே அது. மன்றம் என்னும் பெயரைத் தாங்கும் எவ்வமைப்பும், இலக்கிய மன்றங்கள் உட்பட, இவ்வளவுகோலுக்கு உட்பட்டதே.