விசாரிக்கப்படாத செய்தியும் எரியூட்டப்பட்ட ஜனாஸாக்களும்



ஒரு பயணத்தில் நபித்தோழர் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயமுண்டாயிற்று. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்யலாமா எனக் கூட வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் அனுமதியில்லை என்றனர். அவர் குளித்தார், மரணித்தார். இதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், அறியாதவர்கள் விசாரித்திருக்க வேண்டாமா எனக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்சம்பவம், உடல்நலம் பற்றிய தவறான சொல் உயிரையே பறிக்கும் என்பதற்குச் சான்றாகும்.

நமது நாட்டின் அண்மைக்கால வரலாறும் இதையே உணர்த்துகின்றது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி எனத் தெரியவந்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லவே இல்லை. ஆனால், உண்மை வெளிவருமுன் சேதம் நிகழ்ந்துவிட்டது.

அடுத்து வந்தது கொவிட்-19. இத்தொற்றினால் மரணித்தோரை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியது. எனினும், அடக்கினால் நிலத்தடி நீர் மாசுறும் என்ற வாதம் எழுந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எரியூட்டலைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து இருபதே நாட்களான பாலகனின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெண்துணி கட்டி அழுதனர்.

காத்தான்குடி, களுதாவளை, கல்முனை எனக் கடலுக்கும் வாவிக்கும் இடையே மணலில் கிணறு தோண்டி வாழும் நமக்கு நிலத்தடி நீரின் அருமை தெரியும். எனவே அக்கேள்வி கேட்கத்தக்கதே. ஆனால், விடை நிபுணரிடமிருந்து வரவேண்டும். வைரசு உயிருள்ள கலத்தினுள்ளேதான் பெருகும்; இறந்த உடலில் பெருகாது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. பெப்ரவரி 25இல் தடை நீங்கியது. மார்ச் 5 முதல் நமது மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அங்கு பிற சமயத்தவரும் துயில்கின்றனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த ஜனாஸாக்கள் மீளவில்லை.

சகோதரர்களே! பிறர் பரப்பிய பொய்யால் அழுத நாம், நமது கைத்தொலைபேசியில் வரும் பொய்யை மட்டும் ஏன் விசாரியாமல் அனுப்புகிறோம்? தடுப்பூசி மலடாக்கும் என்று நம்மவர் சிலர் அஞ்சியதும் அதே மாத்திரைக் கதையல்லவா? கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் நபிமொழியைக் காட்டி, நீரிழிவு மாத்திரையை நிறுத்துமாறு சொல்பவர் நபிவழியைப் பின்பற்றவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் தரும் படிப்பினை. சொன்னவர் யார்? அத்துறையை அவர் கற்றவரா? ஆதாரம் என்ன? இம்மூன்றையும் கேளுங்கள். விடை தெரியாவிடின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள். அதுவரை அச்செய்தி உங்கள் கையோடு நிற்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள அறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.