பள்ளி விளையாட்டுப் போட்டியை போனில் லைவ் போடுவது எப்படி? மரக்காணம் கடற்கரையில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

மாவட்ட அளவிலான பள்ளி கபடி ஃபைனல். மகள் ரெய்டு போகிறாள். அம்மாவோ உப்பளத்தில் இருக்கிறார். தினக்கூலி வேலை, லீவு போட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அவர் மேட்ச் பார்க்க ஒரே வழி, மைதானத்தில் யாராவது போட்டுவிடும் லைவ்தான். போடவும் செய்கிறார்கள். ஆனால் படம் அப்படியே உறைந்து நிற்கும், காற்று சத்தம் காதைப் பிளக்கும், ஸ்கோர் எவ்வளவு என்று கடைசி வரை தெரியாது.

இதைச் சரி செய்ய பெரிய பட்ஜெட் எல்லாம் வேண்டாம். கொஞ்சம் முன்தயாரிப்பு போதும். என்ன தயாரிப்பு? பார்க்கலாம்.

பெரிய போட்டி மட்டும்தான் டிவியில் வருமா?

2018 ஜனவரியில் டெல்லியில் தொடங்கிய முதல் 'கேலோ இந்தியா' பள்ளி விளையாட்டுப் போட்டிகளை ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒளிபரப்பியது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் தமிழ்நாட்டுக்கு வந்தன. சென்னை, மதுரை, திருச்சி, கோவை என நான்கு நகரங்களில் நடந்தன. அதன் தொடக்க விழாவில்தான் பொதிகை சேனல் 'டிடி தமிழ்' என்ற புதிய பெயரில் தொடங்கி வைக்கப்பட்டது. 38 தங்கத்துடன் தமிழ்நாடு 2-ம் இடம் பிடித்தது.

அதற்குக் கீழே, குறுவட்டம், வருவாய் மாவட்டம் என்று வரும்போது கேமராவே இருக்காது. 1988-ல் மும்பை பள்ளி கிரிக்கெட்டில் சச்சினும் காம்ப்ளியும் சேர்த்த 664 ரன் பார்ட்னர்ஷிப்புக்கே டிவி நேரலை கிடையாது.

ஜப்பானில் கதையே வேறு. கோஷியன் மைதானத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியை 1927-லேயே ரேடியோவில் நேரலையாகக் கொடுத்தார்கள். இன்றைக்கும் என்.எச்.கே. டிவியில் வருகிறது. பக்கத்தில் இலங்கையிலும் பள்ளி ரக்பி, கிரிக்கெட் மேட்ச்களை லைவ் பார்க்கவே தனிக் கூட்டம் உண்டு.

வீடியோ இருந்தால் வேலை கிடைத்துவிடுமா என்றால், இல்லை. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு சான்றிதழ்தான் பேசும், விளையாட்டு விடுதிக்கு தேர்வுப் போட்டிதான் பேசும். ஆனால் தன் ஆட்டத்தைத் தானே திரும்பப் பார்க்காத பிள்ளை, எங்கே தவறியது என்பதை பி.டி. வாத்தியார் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உப்பு, வெயில், காற்று

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. ஊர் அவ்வளவு பழசு. கிழக்கே கடல், சுற்றிலும் உப்புப் பாத்திகள். பார்க்க அழகு, கேமராவுக்குத் தொல்லை.

பின்னணியில் வெள்ளை உப்புக் குவியல் வந்துவிட்டால், போன் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். வெயிலில் நிற்கிற பிள்ளைகளின் முகமே தெரியாது. ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை திரையில் விரலால் அழுத்திப் பிடித்தால், பல போன்களில் வெளிச்சமும் ஃபோகஸும் லாக் ஆகும். மேட்ச் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

காலை மேட்ச் என்றால் கேமரா கடல் பக்கம், அதாவது கிழக்கில் இருக்கட்டும். மாலை என்றால் மேற்கில். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். போனில் இருக்கும் மைக் அந்த இரைச்சலைத்தான் முதலில் பிடிக்கும். சட்டையில் மாட்டும் சின்ன காலர் மைக்கும் அதற்கு ஒரு பஞ்சு உறையும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. படம் சுமாராக இருந்தால்கூட மக்கள் பார்ப்பார்கள். சத்தம் மோசமாக இருந்தால் பத்து விநாடியில் நகர்ந்துவிடுவார்கள். மேட்ச் முடிந்ததும் போன், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் லேசான ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்புக் காற்று சார்ஜிங் முனையை அரித்துவிடும்.

2 ஜிபி டேட்டா போதுமா?

போதாது. 720பி தரத்தில் லைவ் போக, அப்லோடு வேகம் சுமார் 4 எம்.பி.பி.எஸ். தேவை. ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி. தினசரி 2 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு அரையிறுதியோடு கதை முடிந்துவிடும், ஃபைனல் வராது. இன்னொரு சிம், பவர் பேங்க் இரண்டும் கையில் இருக்கட்டும். முந்தைய நாளே அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று அப்லோடு வேகத்தைப் பாருங்கள். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

யூடியூபில் புது சேனல் என்றால் லைவ் வசதி திறக்கவே 24 மணி நேரம் வரை ஆகலாம். போனில் இருந்து நேரடியாகப் போக 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். 2025 ஜூலை முதல், 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் தனியாக லைவ் போக முடியாது. எனவே சேனல் ஆசிரியர் பெயரில் இருப்பது நல்லது.

இன்னொன்று, நம்ம ஊர் ஸ்பெஷல்: இடைவேளையில் மைக் செட்டில் சினிமா பாட்டு. காப்புரிமை காரணமாக லைவ் அப்படியே கட் ஆக வாய்ப்பு உண்டு. மைக் செட்காரரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள், அல்லது பாட்டு ஓடும்போது சத்தத்தை மியூட் செய்யுங்கள்.

கேமரா எங்கே? கமென்ட்ரி எப்படி?

கபடிக்கு நடுக்கோட்டுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேலே. ஒரு பெஞ்ச் மீது ஸ்டாண்ட் வைத்தாலே போதும். இரண்டு பக்க போனஸ் கோடும் தெரிய வேண்டும். ஓட்டப்பந்தயத்துக்கு ஃபினிஷ் கோட்டுக்கு நேராக. கொஞ்சம் தள்ளி நின்றால்கூட முதலில் வந்தவர் இரண்டாவதாகத் தெரிவார், வீண் சண்டை. ரெய்டரைத் துரத்திக்கொண்டு ஜூம் போவதை நிறுத்தினாலே பாதித் தரம் ஏறிவிடும்.

கமென்ட்ரிதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். வானொலியில் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் மைதானத்தையே வார்த்தையில் கட்டினார்கள், ஏனென்றால் கேட்பவருக்குக் கண் இல்லை. வீடியோவில் அது தேவையில்லை. 'ஓடுகிறார், தொடுகிறார்' என்பது தெரியத்தான் போகிறது. தெரியாததைச் சொல்லுங்கள்: எந்தப் பள்ளி, எத்தனையாவது வகுப்பு, இது 'டூ ஆர் டை' ரெய்டா, எதிரே ஆறு பேருக்குக் குறைந்ததால் போனஸ் இல்லையா. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கோர். அப்போதுதான் வேலைக்கு நடுவே போனை எடுத்துப் பார்ப்பவருக்குப் புரியும்.

இதற்கு வீரர் பட்டியல் முன்கூட்டியே வேண்டும். ஜெர்சி எண்ணோடு எழுதி வாங்கி, பெயர் உச்சரிப்பை அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். பெயரைத் தப்பாகச் சொன்னால் வீட்டில் அது வருஷக்கணக்கில் பேசப்படும். தவறவிட்ட பிள்ளையைக் கிண்டல் செய்வது, உடம்பு, நிறம், சாதி பற்றி ஜாடை பேசுவது கூடவே கூடாது. 14 வயதுக் குழந்தை அது.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். தலைமை ஆசிரியரிடமும் போட்டி நடத்துபவர்களிடமும் எழுத்தில் வாங்குங்கள். படிப்படியாக அமலுக்கு வரும் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களின் தரவுகளுக்கு பெற்றோர் ஒப்புதல் முக்கியம். உள்ளூர் போட்டிக்கு ஒரு பக்க ஒப்புதல் படிவம் வாங்கிவைப்பது பாதுகாப்பு. வேண்டாம் என்று ஒரு பெற்றோர் சொன்னால், அந்தப் பிள்ளையின் பெயரும் க்ளோஸ்-அப்பும் வரக்கூடாது. வீட்டு முகவரி, போன் நம்பர் யாருடையதும் வேண்டாம்.

லைவ் சாட்டை மூடிவிடுங்கள், குறிப்பாக பெண்கள் போட்டிக்கு. அதைக் கண்காணிக்க ஒரு ஆள் தனியாக இருந்தால் மட்டும் திறக்கலாம்.

மேட்ச் முடிந்ததும் வீடியோவை தேதி, போட்டி, இரண்டு பள்ளிகளின் பெயர் போட்டு சேமித்து, ஒரு காப்பியை இரண்டு அணிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் அனுப்புங்கள். தோற்ற அணிக்கும் சேர்த்துத்தான்.